காரும் வீட்டுக் கருவிகளும் நம்மைப் பற்றிக் குறித்து வைப்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாராவது புது வண்டி எடுத்தாலோ புது டிவி வாங்கினாலோ, "கொஞ்சம் செட்டிங்ஸ் பார்த்துக் கொடு" என்று என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. உட்கார்ந்து பார்க்கும்போது கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். முதலிலிருந்து படித்து வந்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

காருக்கு எதுக்கு இன்டர்நெட்? நான் வைஃபை எதுவும் போடலையே, அது எப்படி வெளியே பேசும்?

அண்மைக் காலத்தில் வந்த கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே ஒரு சிம் பொருத்திவிடுகிறார்கள். வண்டிக்குள் எங்கோ மறைவாக இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அது இருக்கும். அந்தப் பெட்டிக்கு டெலிமேட்டிக்ஸ் யூனிட் என்று பெயர். உங்கள் வீட்டு வைஃபையோ உங்கள் போன் டேட்டாவோ அதற்குத் தேவையில்லை. டவர் கிடைக்கிற இடமெல்லாம் அது கம்பெனியின் சர்வரோடு தானாகப் பேசிக்கொள்ளும்.

உங்கள் காரில் இது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டாம். வீட்டுக்குள் இருந்தபடியே போனில் கார் ஏசியைப் போட முடிகிறதா? கார் நிற்கும் இடத்தை ஆப் காட்டுகிறதா? கூரையில் எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அநேகமாக சிம் இருக்கிறது. இதில் நல்லதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களில், பெரிய விபத்து நடந்தால் 112க்குத் தானே அழைக்கும் ஈகால் வசதி கட்டாயம். அது மற்ற நேரங்களில் தூங்கிக்கொண்டே இருக்கும், விபத்து நடந்தால்தான் விழிக்கும். இங்கே நாம் பேசப்போவது தூங்காத பாகத்தைப் பற்றி.

அப்படி என்னதான் பதிவாகுது?

மாடலைப் பொறுத்து மாறும். எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், என்ன வேகம், எங்கே திடீரென்று பிரேக் போட்டீர்கள், பெல்ட் போட்டிருந்தீர்களா, எந்தக் கதவு திறந்தது, பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தாரா என்பதெல்லாம் சென்சார் வழியாகத் தெரியும். திரையில் நீங்கள் தேடிய முகவரி, கேட்ட பாட்டு, குரலில் சொன்ன கட்டளை ஆகியவை தனி. போனை இணைத்திருந்தால் கான்டாக்ட்ஸும் அழைப்புப் பட்டியலும் சேரும். சில கார்களில் ஓட்டுநர் கண் அசருகிறாரா என்று பார்க்க உள்ளேயே கேமரா இருக்கிறது.

பதிவாவது எல்லாமே வெளியே போவதில்லை. பலவும் காருக்குள்ளேயே பயன்பட்டு அழிந்துவிடும். உங்கள் காரில் எது வெளியே போகிறது என்பதை, அந்த மாடலுக்கான 'பிரைவசி பாலிசி'யும் திரையில் 'டேட்டா ஷேரிங்' என்ற பெயரில் இருக்கும் பக்கமும்தான் சொல்லும்.

பிளாக் பாக்ஸ்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பிளாக் பாக்ஸ் எனப்படும் விபத்துப் பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய சில நொடிகளை மட்டும் பிடித்துவைக்கும். வேகம், பிரேக், ஸ்டீயரிங், பெல்ட் போன்றவைதான் அதில் இருக்கும். பேச்சு இருக்காது, போன இடமும் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். அதிலிருந்து எடுக்க வேண்டுமானால் வழக்கமாகக் காருக்குப் பக்கத்தில் வந்து கருவியைச் செருக வேண்டும். என் கவலைப் பட்டியலில் அது கடைசியில்தான் வரும்.

நான் எதுக்கும் சம்மதம் கொடுக்கலையே. கையெழுத்தே போடலையே?

கொடுத்திருப்பீர்கள். சாவி வாங்கும் நாளில் ஷோரூம் ஊழியர் உங்கள் போனை வாங்கி, ஆப்பை இறக்கி, வரிசையாக நான்கைந்து 'ஏற்கிறேன்' அழுத்தியிருப்பார். நீங்கள் அப்போது வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அன்று அழுத்திய அந்தப் பட்டன்களைத்தான் கம்பெனி உங்கள் சம்மதம் என்று சொல்லும்.

ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. 84 சதவீத பிராண்டுகள் தகவலைப் பிறரோடு பகிரலாம் அல்லது விற்கலாம் என்று எழுதிவைத்திருந்தன. ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தம் தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று சொன்னவை ரெனோ, டாசியா ஆகிய இரண்டு மட்டும்தான். நிசானின் கொள்கையில் 'பாலியல் செயல்பாடு' என்பதுகூடச் சேகரிக்கக்கூடிய தகவல்களின் பட்டியலில் இருந்தது. ஒரு கார் அதை எப்படிச் சேகரிக்கும் என்பது வேறு கேள்வி. அந்தச் சொல்லை எழுத அனுமதி கொடுத்துவிட்டு நாம் சாவியை வாங்கி வந்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

போனா போகட்டும். நான் என்ன தப்பா பண்றேன்? எனக்கு மறைக்க ஒண்ணுமில்லையே.

அதிகம் கேட்ட கேள்வி இதுதான். நல்ல மனிதர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள், அதனால் ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் செவ்ரோலே போல்ட் கார் ஓட்டிய ஒருவருக்கு 2022இல் காப்பீட்டுக் கட்டணம் 21 சதவீதம் ஏறியது. அவர் பேரில் விபத்து எதுவும் இல்லை. காரணம் கேட்டபோது, லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் நிறுவனத்திடமிருந்து வந்த அறிக்கையும் ஒரு காரணம் என்று ஒரு முகவர் சொன்னார். அந்த அறிக்கையை வரவழைத்துப் பார்த்தால் 258 பக்கம். அதில் 130 பக்கத்துக்கு மேல், ஆறு மாதத்தில் அவரும் மனைவியும் காரை எடுத்த ஒவ்வொரு முறையும் இருந்தது: எப்போது கிளம்பினார்கள், எப்போது நிறுத்தினார்கள், எவ்வளவு தூரம், எங்கே வேகம் கூட்டினார்கள், எத்தனை முறை கடுமையாகப் பிரேக் போட்டார்கள். எங்கே போனார்கள் என்பது மட்டும்தான் இல்லை. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற வசதி வழியாக, செவ்ரோலே கார்களைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தத் தகவலைத் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தது தெரியவந்து, அதே மாதம் அதை நிறுத்தியது. இப்படிக் கொடுப்பதற்கு 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஐந்து ஆண்டு தடையை அறிவித்தது.

இந்த ஓட்டுநர் மறைத்தது எதுவும் இல்லை. குறுக்கே ஓடிய குழந்தைக்காகப் போட்ட பிரேக்கும், போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிட்டுப் போட்ட பிரேக்கும் அந்த அறிக்கையில் ஒரே மாதிரிதான் பதிவாகும். மறைக்க ஒன்றுமில்லாதவருக்கும் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டும். இங்கே அது இல்லாமலே முடிவு எடுக்கப்படுகிறது.

பேர் இல்லாமத்தான் எடுக்கிறோம்னு கம்பெனி சொல்லுதே?

இருப்பிடத் தகவலில் பெயரை நீக்குவதால் பெரிய பயன் இல்லை. இரவு முழுவதும் ஒரு வண்டி எங்கே நிற்கிறது, பகலில் எங்கே நிற்கிறது என்ற இரண்டைச் சேர்த்தாலே ஆள் யாரென்று ஏறக்குறைய தெரிந்துவிடும். 15 லட்சம் பேரின் மொபைல் இருப்பிடப் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடிந்தது. பெயருக்குப் பதில் எண் போட்டுவிட்டோம் என்ற வாக்குறுதியை நம்பி நான் எந்தப் பட்டனையும் அழுத்துவதில்லை.

கம்பெனிக்குள்ளேயே பத்திரமா இருக்கும்ல?

இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். டொயோட்டா 2023 மே மாதம் ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வண்டித் தகவல், கிளவுட் அமைப்பில் இருந்த தவறால் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் திறந்து கிடந்ததாக ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்கார்களின் தகவல் பாதுகாப்பில்லாமல் கிடந்ததை ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் வெளியிட்டது. அவற்றில் ஏறக்குறைய 4.6 லட்சம் கார்கள் நின்ற இடங்கள் துல்லியமாக இருந்தன. சில பிராண்டுகளில் 10 சென்டிமீட்டர் வரை துல்லியம். அதாவது எந்தத் தெரு என்பதோடு நிற்காமல், எந்த வாசலுக்கு முன் என்பது வரை.

வெளியாள் திருடுவது ஒரு பக்கம், உள்ளே வேலை செய்பவர்கள் பார்ப்பது இன்னொரு பக்கம். டெஸ்லா ஊழியர்கள் சிலர் 2019 முதல் 2022 வரை வாடிக்கையாளர் கார்களின் கேமராவில் பதிவான காட்சிகளைத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டதாக, முன்னாள் ஊழியர்களிடம் பேசி ராய்ட்டர்ஸ் 2023 ஏப்ரலில் செய்தி வெளியிட்டது. சுபாருவில் ஊழியர்களுக்கான வலைப்பக்கம் ஒன்றின் ஓட்டையைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள், அதன் வழியே ஒரு காரின் ஓராண்டுப் பயணத்தையே பார்க்க முடிந்தது என்று 2025 ஜனவரியில் எழுதினார்கள். ஓட்டையை உடனே அடைத்துவிட்டார்கள். ஆனால் ஓராண்டுப் பயணத்தைக் கம்பெனி எதற்காக வைத்திருந்தது? சேர்த்து வைக்காத தகவலை யாராலும் திருட முடியாது.

டிவி நம்மைப் பாக்குதா?

முகத்தைப் பார்க்கவில்லை, நீங்கள் பார்ப்பதைப் பார்க்கிறது. ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில், திரையில் ஓடும் காட்சியைக் கணத்துக்குக் கணம் மாதிரி எடுத்து, அது எந்த நிகழ்ச்சி என்று அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் சொல்லாமல் இதைச் செய்ததாக வந்த வழக்கில் 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது.

செட்டாப் பாக்ஸையோ லேப்டாப்பையோ எச்டிஎம்ஐ வயரில் செருகிப் பார்த்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து 2024இல் நடந்த பல்கலைக்கழக ஆய்வு, அப்போதும் இது வேலை செய்கிறது என்று காட்டியது. நல்ல செய்தியும் அதே ஆய்வில் உண்டு: செட்டிங்கில் அணைத்ததும் அந்தத் தகவல் போவது நின்றது. எல்ஜியில் 'லைவ் பிளஸ்', சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்று தேடுங்கள். இரண்டு நிமிட வேலை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இன்றைக்கு இதைச் செய்யுங்கள்.

ஸ்பீக்கர் எப்பவும் ஒட்டுக் கேக்குதா? நேத்து பேசின பொருளுக்கே இன்னைக்கு விளம்பரம் வருதே!

'அலெக்சா' போல அழைக்கும் சொல் வந்ததா என்று ஸ்மார்ட் ஸ்பீக்கரின் மைக் எப்போதும் காத்திருக்கும். அந்தச் சொல் வரும்வரை கேட்பது கருவிக்குள்ளேயே நடந்து மறைந்துவிடும். சொல் கேட்டபின் பேசுவதுதான் சர்வருக்குப் போகும். சிக்கல், அந்தச் சொல் மாதிரியே ஒலிக்கும் வேறு பேச்சுக்கும் அது விழித்துக்கொள்வதில்தான். அப்படிப் போன பதிவுகளில் சிலவற்றை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது 2019இல் வெளிவந்தது. அமேசானின் எக்கோ ஸ்பீக்கரில் குரல் பதிவை அனுப்பாதே என்று சொல்ல சில மாடல்களில் இருந்த வசதியையும் 2025 மார்ச் 28 முதல் எடுத்துவிட்டார்கள். குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக வந்த வழக்கில் அமேசான் 2023இல் 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

விளம்பர விஷயத்தில் பெரும்பாலும் மைக் காரணமில்லை. நீங்கள் பேசினீர்கள், பக்கத்தில் இருந்தவர் அன்றிரவே அதைத் தேடினார். இரண்டு பேரும் ஒரே வைஃபை, ஒரே இடம். விளம்பரக் கம்பெனிக்கு இது போதும். ஆப்பில் குரல் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கும், ஒரு முறை திறந்து கேளுங்கள். தன் குழந்தை அழுவதும் தான் அதட்டுவதும் அதில் இருந்ததைக் கேட்ட ஒரு தோழி, அன்றே ஸ்பீக்கரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றிவிட்டார்.

வீட்டு கேமராவும் கூட்டுற ரோபோவும்?

கேமராவில் முதல் வேலை, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது. 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது இந்தத் தொடக்க பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். இரண்டாவது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. எதிர்வீட்டு வாசல் உங்கள் கேமராவில் விழக்கூடாது.

ரோபோ பற்றி ஒரு சம்பவம். ரூம்பா என்ற பெருக்கும் ரோபோவின் சோதனை மாடல்கள் 2020இல் எடுத்த படங்கள், கழிப்பறையில் ஒரு பெண் இருக்கும் படம் உட்பட, இணையக் குழுக்களில் வந்துவிட்டன. படங்களுக்குக் குறிப்பு எழுதும் வேலைக்காக வேறு நாட்டு ஒப்பந்த ஊழியர்களுக்கு அனுப்பியபோது கசிந்தவை. அவை கடையில் விற்ற மாடல்கள் அல்ல, சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களின் வீடுகள். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டபோது இதை நினைத்திருப்பார்களா? கேமரா இல்லாத மாடலும் நன்றாகவே பெருக்கும்.

போனை கார்ல சேர்க்கும்போது 'கான்டாக்ட்ஸ் அனுமதிக்கவா'ன்னு கேக்குது. குடுக்கலாமா?

சொந்தக் காரில், அழைப்பு பேச வேண்டுமென்றால் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் பாட்டும் வழிகாட்டலும் வேலை செய்யும். மெசேஜ் அனுமதியை நான் எப்போதும் மறுத்துவிடுவேன். வாடகைக் காரில் எதுவும் வேண்டாம், யுஎஸ்பி வழியாகக்கூட வேண்டாம். சார்ஜ் மட்டும் வேண்டுமென்றால் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் அடாப்டர் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே இரண்டும் போனில் ஓடுபவை, திரைதான் காருடையது. கார் கம்பெனிக்குப் போவது குறையும். ஆனால் போனில் உள்ள மேப் கம்பெனிக்குப் போவது அப்படியேதான் இருக்கும்.

பழைய காரை விக்கப்போறேன். ஆர்சி மாத்திட்டா போதும்ல?

போதாது. என் தம்பி வாங்கிய பழைய காரில் நானே பார்த்தேன். திரையைத் தொட்டதும் ஏழு போன்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் தொட்டால் முந்தைய உரிமையாளரின் கான்டாக்ட்ஸ், 'டாக்டர்', 'அம்மா புது நம்பர்' என்று. மேப்பில் 'வீடு' என்று ஒரு முகவரி. மேல் மூலையில் அவர் படத்தோடு புரொஃபைல். சந்தேகப்பட்டு அவருக்கே போன் செய்தோம். "ஆமாங்க, வண்டி எங்க நிக்குதுன்னு இன்னும் என் ஆப்ல காட்டுது. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். அவர் நல்ல மனிதர். நினைத்திருந்தால் நள்ளிரவில் கதவைத் திறந்திருக்கலாம்.

விற்பவர் செய்ய வேண்டியது: திரையில் 'ஃபாக்டரி ரீசெட்', பிறகு ஆப்பில் போய் அந்த வண்டியைக் கணக்கிலிருந்து நீக்குவது. ரீசெட் மட்டும் செய்தால் ஆப் இணைப்பு சில மாடல்களில் அப்படியே இருக்கும், இரண்டும் வேண்டும். வாங்குபவரும் இதே இரண்டையும் திரும்பச் செய்து, கம்பெனிக்கு அழைத்து "இந்த வண்டியோடு வேறு யாருடைய கணக்கு சேர்ந்திருக்கிறது?" என்று கேட்க வேண்டும். டிவி, கேமரா, ஸ்பீக்கர் விற்றாலும் இதே வழிதான்.

சிம்மையே பிடுங்கிட்டா? ஃபியூஸைக் கழட்டினா நிக்கும்ங்கிறாங்களே.

நிற்கும், கூடவே வேறு சிலதும் நிற்கும். முதல் பதிலில் சொன்ன அவசர அழைப்பு போய்விடும். சில மாடல்களில் ப்ளூடூத் மைக் அதே பெட்டி வழியாகப் போவதால் போன் பேச முடியாமல் போகும். வாரன்டி தகராறும் வரலாம். விபத்தில் தானாக ஆம்புலன்ஸை அழைக்கும் ஒன்றை, குடும்பம் ஏறும் வண்டியில் நான் கழற்ற மாட்டேன்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. திரையிலும் ஆப்பிலும் 'டேட்டா ஷேரிங்', 'டிரைவிங் ஸ்கோர்' போன்றவற்றை அணையுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி இணைப்புச் சேவையை ரத்துசெய்யச் சொல்லுங்கள். சந்தா முடிந்தால் தானாக நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வண்டி அவர் பேர்ல இருக்கு. நான் எங்க போனாலும் அவருக்கு முன்னாடியே தெரியுது. என்ன பண்றது?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். முதலில், உங்கள் சந்தேகம் வீணான பயம் இல்லை. கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு ஆப் எல்லாவற்றையும் காட்டும். ஆனால் அவசரப்பட்டு எதையும் அணைக்காதீர்கள். அணைத்த உடனே அவருக்கு அறிவிப்பு போகலாம், கோபம் உங்கள் மேல் திரும்பலாம். நம்பிக்கையான ஒருவரிடமோ பெண்கள் உதவி எண்ணிலோ, உங்கள் போன் அல்லாத வேறு போனில் முதலில் பேசுங்கள். முக்கியமான இடத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த வண்டியில் போகாதீர்கள். உங்கள் போனிலும் இருப்பிடப் பகிர்வு இருக்கலாம், பையில் இருப்பிடம் காட்டும் சின்ன ப்ளூடூத் டேக் இருக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

கலிபோர்னியாவில் 2024இல், துன்புறுத்துபவரின் ஆப் அணுகலைக் கார் கம்பெனியே துண்டிக்க வகைசெய்யும் சட்டம் வந்தது. எல்லா இடத்திலும் வர வேண்டிய சட்டம் அது.

சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, நாட்டுக்கு நாடு வலு வேறு. ஐரோப்பாவில் 2018 முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அங்கே 2025 செப்டம்பர் 12 முதல் பொருந்தும் டேட்டா ஆக்ட், இணையத்தோடு சேர்ந்த பொருளை வைத்திருப்பவருக்கு அது உருவாக்கும் தகவலைக் கேட்டு வாங்கும் உரிமை தருகிறது. மலேசியாவில் 2010, சிங்கப்பூரில் 2012, இலங்கையில் 2022, இந்தியாவில் 2023 எனத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இந்தியச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

எந்த நாடாக இருந்தாலும் கேட்டு எழுதலாம். நான் எழுதுவது இவ்வளவுதான்: "என் வண்டியின் சேஸிஸ் எண் இது. இந்த வண்டி குறித்தும் என் கணக்கு குறித்தும் நீங்கள் வைத்துள்ள தகவலின் நகலை அனுப்பவும். அதை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும். சேவைக்குத் தேவையில்லாததை அழிக்கவும்." தனியுரிமைப் பக்கத்தின் அடியில் இருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்பி, தேதியைக் குறித்துவையுங்கள். இரண்டு முறை நினைவூட்டிய பிறகு எனக்குப் பதில் வந்திருக்கிறது.

கடைசியா ஒண்ணு. என் வண்டியில ஏறுறவங்களுக்கு நான் சொல்லணுமா?

சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முன்னால் சொன்ன மொசில்லா ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. சுபாருவின் கொள்கைப்படி, பயணியாக ஏறி உட்கார்ந்தாலே நீங்கள் அவர்கள் சேவையைப் 'பயன்படுத்துபவர்', சம்மதித்தவர். வேறு சில கம்பெனிகள், பயணிகளிடம் சொல்வது வண்டி உரிமையாளரின் பொறுப்பு என்று எழுதிவைத்திருந்தன. பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் பாட்டியின் சம்மதத்தை நாம் வாங்கித் தர வேண்டுமாம்.

அவர்கள் எழுதியதற்காக இல்லை, ஏறுகிறவர் நம்மை நம்பி ஏறுகிறார் என்பதற்காகச் சொல்லுங்கள். என் வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமராவில் ஒலிப்பதிவை அணைத்துவைத்திருக்கிறேன். புதிதாக யாராவது ஏறினால், "இந்த கேமரா ரோட்டை மட்டும்தான் எடுக்கும், நாம பேசுறது பதிவாகாது" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.